கூட்டம் குறையட்டும் என்று கடை ஓரமாக நிற்பவர்களுக்கு: பால்வினைத் தொற்று கேள்வி பதில்

காரைக்குடியில் 22 வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சாயங்காலம் ஒரு பையன் வந்து பற்பசை டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பத்து நிமிடம் படித்துக்கொண்டு நின்றால், அவனுக்கு வேண்டியது பற்பசை இல்லை என்று தெரிந்துவிடும். பிரஷர் மாத்திரை வாங்க வந்த ஆச்சி சில்லறையை எண்ணி முடிச்சில் போட்டு நகரும் வரை காத்திருப்பான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அண்ணே, ஃப்ரெண்டுக்கு ஒரு டவுட்டு" என்பான்.

அந்த ஃப்ரெண்டுகள் கேட்டதைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்கள் யாரென்று தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, மருந்தாளுநர். மாத்திரை எழுதித் தருவது என் வேலை இல்லை. யாரிடம், எப்போது போக வேண்டும் என்று சொல்வேன்.

அப்பத்தா "மேக நோய்" என்று சொல்வாரே, அதுவும் பால்வினை நோயும் ஒன்றா?

கிட்டத்தட்ட ஒன்றுதான். வெட்டை என்று பழைய ஆட்கள் சொல்வது பெரும்பாலும் கொனோரியா. கிரந்தி, பறங்கிப்புண் என்பது சிபிலிஸ். பறங்கி என்று ஏன் பெயர் வந்தது? 1495 வாக்கில் ஐரோப்பாவில் பெருந்தொற்றாகக் கிளம்பிய நோய், 1498-ல் போர்த்துக்கீசியர் கோழிக்கோட்டில் இறங்கிய பிறகு இந்தப் பக்கமும் வந்தது. வெள்ளைக்காரன் கொண்டுவந்த புண், அதனால் பறங்கிப்புண். அதற்கு மருந்தாகக் கொடுத்த கிழங்குக்குப் பறங்கிப்பட்டை என்று பேர். நாட்டு மருந்துக்கடையில் இன்றும் கிடைக்கும். ஆனால் சிபிலிஸை நிஜமாகவே முடித்து வைத்த மருந்து பெனிசிலின். 1943-லிருந்து அதற்குக் கொடுக்கிறார்கள், இன்று வரைக்கும் அதுதான் முதல் மருந்து.

உடலுறவு வழியாகப் பரவும் கிருமிகள் 30-க்கு மேல் உண்டு. முக்கியமானவை எட்டு. சிபிலிஸ், கொனோரியா, கிளமிடியா, டிரைகோமோனாஸ் ஆகிய நான்கும் மருந்தில் முழுசாகக் குணமாகும். எச்.ஐ.வி., ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, கொப்புளப் புண் உண்டாக்கும் ஹெர்பீஸ், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகும் எச்.பி.வி. ஆகிய நான்கும் வைரஸ். இவற்றில் இரண்டுக்குத் தடுப்பூசி இருக்கிறது, மற்ற இரண்டைக் கட்டுக்குள் வைக்க மருந்து இருக்கிறது.

சின்ன வயசுக்காரங்களுக்குத்தான் அதிகம் வரும் என்கிறார்களே, பயமுறுத்துகிறார்களா?

இல்லை. பெண்களுக்கு உடம்பிலேயே ஒரு காரணம் உண்டு. பதின்வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் கருப்பை வாயின் உள்பக்கத்து மெல்லிய செல்கள் வெளிப்பக்கமாகப் படர்ந்திருக்கும். கிளமிடியா, எச்.பி.வி. போன்றவை அதில் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். வயது ஏற ஏற அந்த இடம் தடித்த செல்களால் மூடிக்கொள்கிறது.

மற்ற காரணமெல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். திட்டமில்லாமல் நடப்பது, ஆணுறை கையில் இல்லாதது, குடித்திருந்தது, "நம்ம ஆளுதானே" என்ற நம்பிக்கை. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: வந்த பிறகு யாரிடமும் சொல்லாமல் மாதக்கணக்கில் வைத்துக்கொண்டிருப்பது. என் அனுபவத்தில் நோய் செய்ததைவிட இந்தத் தாமதம் செய்த கெடுதல்தான் பெரிசு.

எனக்கு எரிச்சல், புண் எதுவுமே இல்லை. அப்ப ஒன்றும் இல்லைதானே?

அப்படி முடிவு கட்ட முடியாது. கிளமிடியா வந்த பெண்களில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. ஆண்களிலும் நிறையப் பேருக்குத் தெரியாது. அது சத்தமில்லாமல் கருக்குழாய் வரை ஏறி அடைப்பு உண்டாக்கும். பின்னால் குழந்தை தங்காமல் போவதற்கும், கரு குழாயிலேயே தங்கிவிடுவதற்கும் இது ஒரு காரணம்.

சிபிலிஸ் இன்னும் ஏமாற்றுக்காரன். தொற்றி 10 முதல் 90 நாளுக்குள், சராசரியாக மூன்று வாரத்தில், ஒரு புண் வரும். வலிக்காது. மருந்தே போடாவிட்டாலும் சில வாரத்தில் ஆறிவிடும். "தானா சரியாயிருச்சு" என்று நினைப்பீர்கள். கிருமி ரத்தத்தில்தான் இருக்கும். அடுத்து உள்ளங்கை, உள்ளங்காலில் தடிப்பு வரும், அதுவும் மறையும். பல வருடம் கழித்து மூளை, இதயம் என்று வேலையைக் காட்டலாம். வலிக்காத புண்ணைத்தான் முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ஊருணியில் குளித்தால் வருமா? பஸ் ஸ்டாண்டு கழிப்பறை? கொசு?

வராது. ஊருணித் தண்ணீர், கழிப்பறை, கொசு, ஒரே தட்டில் சாப்பிடுவது, கட்டிப்பிடிப்பது எதிலும் எச்.ஐ.வி.யோ சிபிலிஸோ வராது. ஹெபடைடிஸ் பி மட்டும் கொஞ்சம் முரட்டு வைரஸ். காய்ந்த ரத்தத்தில் ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். அதனால் கோயிலில் மொட்டை போடும்போது கண் முன்னால் புது பிளேடு மாற்றச் சொல்லுங்கள். திருவிழாக் கடையில் ஒரே ஊசியால் வரிசையாக எல்லோருக்கும் டாட்டூ குத்துகிறார்கள் என்றால் அங்கே கையை நீட்டாதீர்கள்.

வாய்வழி உறவில் வராது என்று பல பேர் நினைக்கிறார்கள். கொனோரியா, சிபிலிஸ், ஹெர்பீஸ், எச்.பி.வி. நான்கும் அப்படியும் வரும்.

ஒரே ஒரு தடவைதான் அண்ணே. எத்தனை நாள் கழித்து டெஸ்ட் எடுக்கணும்?

மறுநாள் காலையில் ஓடிப்போய் டெஸ்ட் எடுத்து, "நெகட்டிவ்" என்று நிம்மதியாகிவிடுகிறவர்கள்தான் அதிகம். அந்த டெஸ்ட் அன்றைய தேதியில் எதையும் சொல்லாது. கொனோரியா என்றால் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் சீழ், எரிச்சல் என்று தானே சொல்லிவிடும். கிளமிடியாவுக்கு ஒன்று முதல் மூன்று வாரம். எச்.ஐ.வி.க்கு ஆய்வகத்தில் செய்யும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை 45 நாளில் தெளிவாகச் சொல்லும். விரலில் குத்தி எடுக்கும் ரேபிட் டெஸ்ட் என்றால் 90 நாள் முடிந்து ஒரு முறை எடுப்பதுதான் உறுதி. சிபிலிஸுக்கும் மூன்று மாதக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று மட்டும் அவசரம். எச்.ஐ.வி. உள்ளவரோடு பாதுகாப்பில்லாமல் நடந்துவிட்டது, ஆணுறை கிழிந்துவிட்டது என்றால், 72 மணி நேரத்துக்குள் தொற்றைத் தடுக்கும் மருந்து தொடங்கலாம். 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். நேரம் போகப் போகப் பலன் குறையும், எனவே திங்கட்கிழமை வரை காத்திருக்காமல் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கே போங்கள்.

பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும். அரசோ தனியாரோ எந்த மருத்துவமனையும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும், மறுத்தால் சட்டப்படி குற்றம். உதவிக்குக் கூப்பிட, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

நீங்களே ஒரு மாத்திரை கொடுத்துவிடுங்களேன், டாக்டர் எதுக்கு?

கொடுத்திருக்கிறேன். அதனால்தான் இப்போது கொடுப்பதில்லை.

கடை ஆரம்பித்த புதிதில் ஒரு பையன் வந்தான். ஒன்றுக்குப் போனால் எரிகிறது, ஜட்டியில் மஞ்சளாகப் படிகிறது என்றான். நானும் பெரிய மனுஷன் மாதிரி ஒரு மாத்திரையை மூன்று நாளைக்குக் கொடுத்தேன். எரிச்சல் நின்றதும் அவன் நிறுத்திவிட்டான். மூன்று மாதம் கழித்துக் காலை அகட்டி நடந்து வந்தான், ஒரு பக்க விரை வீங்கியிருந்தது. அதற்குள் அவனுக்குக் கல்யாணமும் ஆகியிருந்தது. அந்தப் பெண்ணுக்கு அடிவயிற்று வலி என்று அவனே சொன்னான். அன்றைக்கு நான் டாக்டரிடம் அனுப்பியிருந்தால் அந்தப் பெண்ணுக்கு அது போயிருக்காது.

நான் கொடுத்தது அந்தக் காலத்தில் எல்லாக் கடையிலும் கொடுத்த சிப்ரோஃப்ளாக்சசின். கொனோரியாக் கிருமி அதற்கு எப்போதோ பழகிவிட்டது. அரைகுறையாகச் சாப்பிட்டால் இருக்கிற மருந்துக்கும் அது பழகும். கொனோரியாவும் கிளமிடியாவும் சேர்ந்தே இருப்பதும் சகஜம், ஒன்றுக்குக் கொடுத்தால் மற்றது தங்கிவிடும். அதனால்தான் அரசு மருத்துவமனையில் அறிகுறிக்கு ஏற்ற மாதிரி சாம்பல், பச்சை, வெள்ளை என்று நிறம் பிரித்த மருந்துப் பொட்டலம் வைத்திருக்கிறார்கள். சீழ் வடிந்தால் சாம்பல் நிறப் பொட்டலம், அதில் இரண்டுக்குமான மருந்து சேர்ந்தே இருக்கும். காசு இல்லை. துணைக்கும் சேர்த்தே கொடுப்பார்கள்.

தொடை இடுக்கில் வட்ட வட்டமாக அரிப்பு. தப்புத் தண்டாவுக்குப் போனதே இல்லை. இது எப்படி வந்தது?

தம்பி, அது படர்தாமரை. நம்ம ஊர் வெயிலுக்கு, இறுக்கமான ஜீன்ஸ் போட்டுக்கொண்டு நாள் முழுக்க வண்டியில் சுற்றினால் வரத்தான் செய்யும். பூஞ்சைதான், பால்வினை நோய் இல்லை. ஆனால் ஃப்ரெண்டு சொன்னான் என்று மூன்று மருந்து கலந்த களிம்பு வாங்கிப் பூசாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருக்கும். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், பூஞ்சை உள்ளே செழிப்பாக வளரும், தோல் வரிவரியாகக் கிழியும். தோல் டாக்டரைப் பாருங்கள்.

வெள்ளைப்படுது. அம்மா உடம்பு சூடு என்று வெந்தயம் கொடுக்கிறார். சரியாகுமா?

இதைக் கடையில் நேராகக் கேட்டவர்கள் குறைவு. அக்காவின் போனிலிருந்து வாட்ஸ்அப்பில் கேட்டவர்கள் அதிகம்.

மாதவிலக்குக்கு நடுவில் தெளிவாக, முட்டை வெள்ளைக்கரு மாதிரி வருவது இயல்பு. அதற்கு வெந்தயமும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். தயிர்த் திப்பி போல வந்து அரித்தால் பெரும்பாலும் பூஞ்சை, அது உறவே இல்லாதவர்களுக்கும் வரும். மீன் வாடை அடித்தால் பாக்டீரியாச் சமநிலை கெட்டிருக்கலாம். மஞ்சள் பச்சையாக நுரைத்து வந்தால் டிரைகோமோனாஸாக இருக்கலாம், அது உறவில் பரவுவது. அடிவயிற்று வலி, காய்ச்சல், உறவின்போது வலி இதில் எது சேர்ந்தாலும் அன்றைக்கே டாக்டர். நிறத்தை வைத்து மட்டும் இன்ன நோய் என்று நானும் சொல்ல முடியாது, அம்மாவும் சொல்ல முடியாது. வெந்தயம் குடிப்பதில் தப்பில்லை, அதைக் குடித்துக்கொண்டே டாக்டரிடம் போவதிலும் தப்பில்லை.

துபாய்க்கு மெடிக்கல் எடுத்தேன். வி.டி.ஆர்.எல். ரியாக்டிவ், அன்ஃபிட் என்று வந்துவிட்டது. என் வாழ்க்கை முடிந்ததா?

பர்மா, மலேயா என்று கடல் தாண்டிப் போய்த்தான் இந்த ஊரின் வீடுகளே எழுந்தன. இன்றைக்கும் வீட்டுக்கு ஒருவர் வெளியே இருக்கிறார். அதனால் இந்தக் கேள்வி வருடத்துக்கு நாலைந்து தரமாவது வரும்.

முடியவில்லை. வி.டி.ஆர்.எல். என்பது சிபிலிஸுக்கான முதல் கட்டச் சோதனை. அது கிருமியை நேராகப் பார்ப்பதில்லை. திசு சேதமானால் உடம்பு உண்டாக்கும் ஒருவகை எதிர்ப்பொருளைப் பார்க்கிறது. மலேரியா, காசநோய், தொழுநோய், கர்ப்பம், சில மூட்டு வாத நோய்களில்கூட அது ரியாக்டிவ் காட்டலாம். அதனால் டி.பி.எச்.ஏ. என்ற இரண்டாவது பரிசோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும். அது நெகட்டிவ் என்றால் முதலில் வந்தது பெரும்பாலும் பொய் ரியாக்டிவ். அதையும் டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இரண்டுமே பாசிட்டிவ் என்றால், முன்பு சிகிச்சை எடுக்காதவருக்கு மருந்து வேண்டும். ஆரம்ப நிலையில் பென்சதைன் பெனிசிலின் 24 லட்சம் யூனிட் ஒரே தடவை இடுப்பில் போடுவார்கள், நன்றாக வலிக்கும். எப்போது வந்தது என்றே தெரியாவிட்டால் வாரம் ஒன்றாக மூன்று வாரம். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வேறு மருந்து உண்டு.

அப்புறம் வி.டி.ஆர்.எல். அளவை மாதங்கள் கழித்துப் பார்க்க வேண்டும். 1-க்கு 32 என்று இருந்தது 1-க்கு 8 ஆகவோ அதற்குக் கீழேயோ இறங்கினால் மருந்து வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். டி.பி.எச்.ஏ. மட்டும் பெரும்பாலும் ஆயுசுக்கும் பாசிட்டிவாகவே இருக்கும், அது பழைய தழும்பு மாதிரி. இது தெரியாமல் "ஊசி போட்டும் போகலையே" என்று ஊர் ஊராகப் போய் ஊசி போட்டுக்கொண்டவரை எனக்குத் தெரியும். சிகிச்சைச் சீட்டையும் அளவு இறங்கின ரிப்போர்ட்டையும் ஒரே ஃபைலில் பத்திரமாக வையுங்கள். அடுத்த தடவை யார் கேட்டாலும் காட்ட அதுதான் ஆதாரம்.

லாட்ஜில் மாதம் ஒரு தேதி பரம்பரை வைத்தியர் வருகிறாராமே?

சுவரில் போஸ்டர் ஒட்டியிருப்பார்கள். தூக்கத்தில் விந்து போவதையே நோய் என்று சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள். அது நோயே இல்லை. 15,000 ரூபாய்க்கு லேகியம் வாங்கி, அதற்காகக் கைச்செயினை அடகு வைத்த பையன் என் கடையில் உட்கார்ந்து அழுதான். அவனுக்கு இருந்தது வெறும் பயம். முறையாகப் படித்த சித்த மருத்துவர் அரசு மருத்துவமனையிலேயே இருக்கிறார், அவரைப் பாருங்கள்.

ஆணுறை போட்டால் நூறு சதவீதம் பாதுகாப்பா?

எச்.ஐ.வி., கொனோரியா, கிளமிடியாவுக்கு மிக நல்ல பாதுகாப்பு. ஹெர்பீஸ், எச்.பி.வி., சிபிலிஸ் தோலோடு தோல் உரசினாலே பரவும் என்பதால், உறை மூடாத இடத்தில் புண் இருந்தால் தொற்றலாம். ஆனாலும் போடாததைவிடப் போடுவது எவ்வளவோ மேல். கர்ப்பத் தடை மாத்திரை கர்ப்பத்தை மட்டும்தான் தடுக்கும், நோயைத் தடுக்காது.

கிழிவதற்குக் காரணம் பெரும்பாலும் நாம்தான். சித்திரை வெயிலில் வண்டி சீட்டுக்கு அடியில் வைத்திருப்பார்கள், பர்ஸில் ஆறு மாதம் மடித்து வைத்திருப்பார்கள். லேடெக்ஸ் சூட்டில் நைந்துவிடும். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், வாசலின் எதையும் தடவக் கூடாது, சில நிமிடத்திலேயே ரப்பர் பலமிழக்கும். இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவதும் கூடாது, உரசிக் கிழியும். தண்ணீர் சார்ந்த ஜெல் என்று கேளுங்கள். 1968-ல் நிரோத் வந்த காலத்திலிருந்து அரசு கொடுத்துவருகிறது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்போதும் இலவசம்.

தடுப்பூசி இருக்கிறது என்றீர்களே?

ஹெபடைடிஸ் பி-க்கு மூன்று ஊசி: இன்று, ஒரு மாதத்தில், ஆறாவது மாதத்தில். நாடு முழுக்கக் குழந்தைகளுக்குப் போடுவது 2011 வாக்கில்தான் வந்தது, எனவே அதற்கு முன் பிறந்தவர்கள் கேட்டுப் பாருங்கள். எச்.பி.வி. ஊசி கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுப்பது. அந்தப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணமான 16, 18 ஆகிய இரண்டு வகை வைரஸையும் தடுக்கும். 9 முதல் 14 வயதுக்குள் இரண்டு ஊசி போதும், 15-க்கு மேல் மூன்று. நம் நாட்டிலேயே தயாரான செர்வாவேக் 2023-ல் விற்பனைக்கு வந்தது. தமிழ்நாட்டில் 14 வயதுச் சிறுமிகளுக்கு இலவசமாகப் போடும் திட்டத்தை 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். ஏற்கெனவே வந்த தொற்றை இந்த ஊசி போக்காது, அதனால் முன்னாடியே போடுவதில்தான் பலன்.

எச்.ஐ.வி. என்றே வந்துவிட்டால்?

இந்தியாவில் முதலில் அதைக் கண்டுபிடித்தது 1986-ல் நம் சென்னையில், டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். அன்றைக்கு மருந்து கிடையாது. 2004-லிருந்து அரசு இலவசமாக மருந்து தருகிறது. தினம் தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குப் போய்விட்டால், உறவில் அடுத்தவருக்குப் பரவாது. கல்யாணம், குழந்தை, வேலை எல்லாம் உண்டு. என் கடைக்கு வந்து சர்க்கரை மாத்திரை வாங்குகிற ஒருவர் 14 வருடமாக அந்த மருந்தில்தான் இருக்கிறார். எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊருக்கே தெரிந்துவிடாதா?

நியாயமான பயம். இந்த ஊரில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி "யார் வீட்டுப் பிள்ளை?" என்பதுதான்.

அரசு மருத்துவமனையில் "நம்பிக்கை மையம்" என்று பலகை இருக்கும். எச்.ஐ.வி., சிபிலிஸ் பரிசோதனை அங்கே இலவசம். ஒரு ஆலோசகர் தனியறையில் பேசுவார். உங்கள் சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யவோ, முடிவை வெளியே சொல்லவோ கூடாது என்று 2017-ல் சட்டமே வந்துவிட்டது. காரைக்குடியில் தெரிந்த முகம் இருக்கும் என்றால் சிவகங்கை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, மதுரை இராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. போனில் கேட்க 1097, இலவசம்.

தனியார் லேபில் எடுத்தால் உங்கள் போன் நம்பரையே கொடுங்கள். ஒரு பையன் பழக்கதோஷத்தில் வீட்டு நம்பர் என்று அப்பா நம்பரைக் கொடுத்துவிட்டான். பட்டாலையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் போனில் ரிப்போர்ட் வந்து விழுந்தது. ரிசல்ட் நெகட்டிவ்தான், ஆனால் அன்றைய இரவு வீட்டில் யாரும் சாப்பிடவில்லையாம்.

18 வயதுக்குக் கீழே என்றால் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எச்.ஐ.வி. பரிசோதனைக்குப் பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதம் கேட்பார்கள். இருவர் சம்மதத்தோடு உறவு நடந்திருந்தாலும், சிறுவர் சிறுமியரைப் பாலியல் குற்றத்திலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி அது குற்றம், டாக்டருக்குத் தெரியவந்தால் தகவல் சொல்லும் கடமை அவருக்கு உண்டு. அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. அம்மா, அத்தை, சித்தப்பா என்று நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

எனக்குச் சரியாகிவிட்டது. அவளிடம் சொல்லித்தான் ஆகணுமா?

ஆமாம். சொல்லாவிட்டால் அவரிடம் இருந்து உங்களுக்கே திரும்ப வரும். இருவரும் ஒரே சமயத்தில் மருந்தை முடித்து, ஏழு நாள் உறவில்லாமல் இருக்க வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால், "எனக்கு ஒரு தொற்று இருந்தது, டாக்டர் உன்னையும் பார்க்கச் சொன்னார்" போதும். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற பஞ்சாயத்து வேண்டாம். சத்தமில்லாத தொற்றில் அது பல சமயம் யாருக்குமே தெரியாது.

கடைக்கு வந்து எப்படிக் கேட்பது? வாய் வரமாட்டேங்குது.

சீட்டில் எழுதிக் கொடுங்கள். வெறுமே கையால் காட்டினாலும் புரியும். ஆணுறைக்குச் சீட்டு எதுவும் தேவையில்லை, பெண்களுக்கும் தருவோம், பேப்பரில் சுற்றித்தான் தருவோம். காலை 11-லிருந்து 12 வரை கூட்டம் இருக்காது. சாயங்காலம் 6 மணிக்கு மேல் வராதீர்கள், ஆச்சிமார் எல்லாம் அப்போதுதான் வருவார்கள்.